பெய்ஷெனின் போர்க்காயம்

வெடிகுண்டுச் சிதறலுக்கு மேல்தாடை, கீழ்த்தாடை என்று இரண்டு கிடையாது. முப்பது வருடமாகத் தாஷ்-புலாக் ஊராரின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பல் டாக்டர் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை கடைசியில் வரும். முதலில் பெய்ஷென்.

பெய்ஷென் எங்கள் ஊருக்கும் நாரின் நகரத்துக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவன். வியாழக்கிழமை பிறந்ததால் கிர்கிஸ் மொழியில் அந்தக் கிழமையின் பெயரையொட்டி வீட்டில் அப்படி வைத்துவிட்டார்கள். நல்ல டிரைவர். வயதானவர்களை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான், மூட்டைகளைத் தானே ஏற்றுவான். ஒரே குறை அவன் வாய். வண்டி கணவாய் ஏறத் தொடங்கியதும் அவனுக்கு ஆப்கானிஸ்தான் ஞாபகம் வந்துவிடும்.

"இதோ, இதே மாதிரி வளைவுதான். மேல இருந்து சுடுறான். எனக்கு முன்னாடி போன வண்டி எரியுது. பிரேக்ல கால வச்சா செத்தோம். நான் என்ன பண்ணேன்?"

"என்னண்ணே பண்ணீங்க?" என்று பின்னிருக்கையிலிருந்து யாராவது கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் வண்டி இரண்டாவது கியரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும்.

அந்த எரிந்த வண்டி உண்மையில் எரிந்ததுதான். ஆனால் அதற்குப் பின்னால் கவச வண்டி ஓட்டிக்கொண்டு போனது கசிமாலி. ஆப்கான் போருக்குப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத் தலைவர், டயர் கடைக்காரர், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். ஒவ்வொரு பிப்ரவரி பதினைந்தாம் தேதியும், சோவியத் படைகள் ஆப்கானிலிருந்து திரும்பிய நாளுக்காகக் கலாசார மன்றத்தில் சங்கத்துக்காரர்கள் கூடுவார்கள். அங்கே கசிமாலி வேண்டா வெறுப்பாக எதையாவது சொல்லுவார். அடுத்த வாரமே அது பெய்ஷெனின் மினிபஸ்ஸில் ஏறி, வேறு டிரைவரோடு நாரினுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை கசிமாலியே அந்த வண்டியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 'பாவம், இவனுக்கும் அதேபோல நடந்திருக்கிறது' என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாராம்.

இப்போது தாடைக்கு வருகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் பொதுக் குளியலறையின் நீராவி அறையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். அங்கே மேல்படிதான் நல்ல சூடு. ஆப்கானில் காயம்பட்டவன் என்று அந்த இடத்தை ஊரே அவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. அவன் மேலே உட்கார்ந்திருக்க, அவனுடைய வலது கெண்டைக்கால் சரியாக என் மூக்குக்கு நேரே தொங்கியது. வெடிகுண்டுச் சிதறல் பட்டது என்று புகழ்பெற்ற அந்தக் காயத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. ஓரத்தில் ஆழமான ஒரு கிழிசல்.

"எந்த மிருகம்?" என்று கேட்டேன்.

"என்ன மிருகம்?"

"உன்னைக் கடிச்சது. நாயா இருந்தா தடம் சின்னதா இருக்கும். குதிரைக்கு வெட்டுப்பல் தட்டையா பதியும். இது ரெண்டும் இல்ல. நான் புத்தகத்துல கூட பாக்காத வாயா இருக்கே."

நீராவி அறையில் ஒருவனுக்கு முகம் வெளுத்து அன்றுதான் பார்த்தேன். கதவைப் பார்த்தான். இறங்கி வந்து என் காதோடு சொன்னான்.

"பன்னி."

எங்களுடையது முஸ்லிம் ஊர், சாப்பாட்டு வேளையில் அந்தப் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். இவன் அதனிடம் கடி வாங்கியிருக்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு கேட்டேன்.

நடந்தது இதுதான். பதினெட்டு வயதில் பெய்ஷெனைச் சோவியத் ராணுவம் சைபீரியாவில் சீத்தா பக்கம் ஒரு கட்டுமானப் படைக்கு அனுப்பியது. போன முதல் வாரம் பையன்களை வரிசையில் நிறுத்தி, "கால்நடை வளர்த்துப் பழக்கம் உள்ளவன் யார்?" என்று அதிகாரி கேட்டார். கிர்கிஸ்காரனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? ஏழு தலைமுறை ஆட்டிடையன் வீட்டுப் பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓரடி எடுத்து வைத்தான். குதிரை என்று நினைத்தானாம். போனால் போகிறது, ஆடாகவாவது இருக்கும் என்று நினைத்தானாம். படையின் சமையலறைக்காக வளர்க்கும் இருநூற்றுப் பத்துப் பன்றிகளை அவனிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருடம். ஒரு துப்பாக்கியைக்கூட அவன் துடைத்ததில்லை. குட்டி போட்ட தாய்ப்பன்றி ஒன்று கொடுத்ததுதான் அந்தப் போர்க்காயம்.

"வீட்டுக்கு வந்தப்ப எங்கப்பா விருந்து வச்சாரு, டாக்டர். ஊரே உக்காந்திருக்கு. மாமா ஒருத்தர், எங்கடா இருந்தன்னு கேக்குறாரு. கையில ஆட்டுக்கறிய வச்சுக்கிட்டு நான் எதைச் சொல்ல? சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கன்னேன். ஆப்கானான்னாரு. தலையைக் குனிஞ்சேன். அவ்வளவுதான் நான் பண்ணது."

தலையைக் குனிந்ததோடு நின்றிருந்தால் அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையிலேயே கல்புபு அம்மா வந்துவிட்டார்.

கல்புபு அம்மா கூட்டுப்பண்ணையில் பால் கறந்தவர். அவருடைய ஒரே மகன் ஜிர்கல், பெய்ஷெனோடு ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் ராணுவத்துக்குப் போனவன். அவனைத்தான் உண்மையிலேயே ஆப்கானுக்கு அனுப்பினார்கள். பெய்ஷென் திரும்பி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு மூடி பற்றவைத்த துத்தநாகச் சவப்பெட்டியில் வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறக்க விடவில்லை. கூட வந்த சிப்பாய்களுக்கு உள்ளே இருப்பவனைத் தெரியவும் தெரியாது. அந்த அம்மா முகத்தைப் பார்க்காமலேயே மகனைப் புதைத்தார். அதன் பிறகு ஆப்கானிலிருந்து யார் திரும்பினாலும் திரும்பியவனின் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒரே கேள்விதான்.

"பெட்டிக்குள்ள இருந்தது என் பிள்ளைதானா?"

எல்லாரும் தெரியாது என்றார்கள். பெய்ஷென் மட்டும், "ஆமாம்மா, நான் பாத்தேன். நான்தான் தூக்கி வச்சேன். தூங்குற மாதிரிதான் இருந்தான்" என்று சொன்னான்.

அன்றைக்குத்தான் அந்த அம்மா தூங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் குளிர்காலத்துக்கு முன்பு பெய்ஷெனுக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பார். ஜிர்கலின் கால் அளவு. பெய்ஷெனுக்குப் பாதம் பெரிது. விரல்களை மடக்கிக்கொண்டு மார்ச் மாதம்வரை நொண்டி நொண்டி நடப்பான். அதையும் ஊர் போர்க்காயத்தின் கணக்கில்தான் சேர்த்தது.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நோயாளியின் ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அவன் என் நோயாளியும் இல்லை, குளியலறை என் ஆஸ்பத்திரியும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஊரே வாயைப் பிளந்து அவன் கதை கேட்கும்போது நான் ஒருவன் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இலையுதிர் காலத்தில்தான் வினை வந்தது. கலாசார மன்றத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல் வைப்பது, ஆப்கானுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் எல்லார் பெயரையும் அதில் வெட்டுவது என்று சங்கம் முடிவெடுத்தது. ஜிர்கல் பெயர் முதலில். அவனோடு ஒரே பஸ்ஸில் போனவன் என்பதால் அதற்கு அடுத்தபடியாகப் பெய்ஷென்.

மறுநாள் காலை பெய்ஷென் என் ஆஸ்பத்திரிக்கு வந்து, நாற்காலியில் ஏறி, வாயைத் திறந்தான். எந்தப் பல் என்று கேட்டேன்.

"பல்லு இல்ல, டாக்டர். கல்லு. வாயால சொன்னது காத்தோட போயிரும். கல்லுல வெட்டுனா? நான் செத்த பிறகும் அவன் பக்கத்துல நின்னு பொய் சொல்லிக்கிட்டே இருப்பேனே. ஒரு வழி சொல்லுங்க."

நான் பெரிய மூளைக்காரனாயிற்றே. அடக்கத்தின் காரணமாகப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். போய்ச் சொன்னான். கசிமாலிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, இவன்தான்டா மனுஷன்! அரசாங்கச் சலுகை எதையும் இதுவரை கேக்கல, இப்ப பேருகூட வேணாங்கறான்" என்று சங்கத்தாரிடம் சொல்லி, அவன் பெயரை ஒரு அங்குலம் பெரிதாக வெட்டச் சொல்லிவிட்டார்.

அது நடந்து மூன்றாம் நாள், பெய்ஷென் என்னிடம்கூடச் சொல்லாமல் டயர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நடந்ததைப் பிறகு இருவர் வாயாலும் கேட்டேன். கசிமாலி அடிக்கவில்லை. கழற்றிய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாராம்.

"என் கதைய எங்கிட்டயே சொன்னியேடா" என்றாராம் முதலில். "சரி, அது போகட்டும். சலுகை கிலுகை எதுவும் வாங்கல, அதையும் ஒத்துக்கறேன். ஆனா கல்புபு அம்மா வந்து கேட்டப்ப நாங்க ஒம்பது பேரும் தெரியாதுன்னு சொன்னோம். அந்த முகத்தைப் பாத்துத் தெரியாதுன்னு சொல்றது என்னன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு விரல் போனப்ப கூட அப்படி வலிக்கல. ஆமான்னு சொல்ல எங்களுக்கு வாய் இல்லையா? அங்க போனவனுக்கு அந்தப் பொய் வராதுடா. நீ போகல, அதான் சுலபமா வந்துருச்சு."

பெயரை எடுத்துவிடுகிறேன், அது ஒரு நிமிட வேலை என்றாராம். அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு என்றாராம்.

அங்கேதான் பெய்ஷென் வசமாக மாட்டிக்கொண்டான். கல்லில் பெயர் இல்லையென்றால் கல்புபு அம்மா ஏன் என்று கேட்பார். கேட்டால் உண்மை வரும். உண்மை வந்தால் பெட்டிக்குள் இருப்பது யார் என்ற கேள்வி மறுபடி எழுந்து உட்காரும். பெயர் இருந்தால் பொய் கல்லாகிவிடும். அந்த அம்மாவின் தூக்கமா, இவன் மனசாட்சியா? கிழவியை நிம்மதியாகச் சாகவிடு, பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், கசிமாலியிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

"நீங்க சொல்றது எனக்கு வசதியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றான் பெய்ஷென். மினிபஸ்ஸில் அவன் சொன்ன அத்தனை வீரக் கதைகளிலும் இப்படி ஒரு வரி கிடையாது.

துணைக்கு நானும் போனேன். மத்தியான நேரம். கல்புபு அம்மா எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளைத் துணி விரித்துக் கொட்டி, எங்களுக்குப் பால் தேநீர் ஊற்றினார். பாதிக் கிண்ணம்தான் ஊற்றினார். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. பாதி ஊற்றினால், இரு, குடி, மறுபடி ஊற்றுகிறேன், பேசிக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றிவிட்டால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். யாரும் வாயால் 'போ' என்று சொல்வதில்லை.

பெய்ஷென் சொன்னான். சீத்தா, பன்றி, தலை குனிந்தது, எல்லாம். சொல்லும்போது அவன் பார்வை முழுக்கத் தன் காலில் மாட்டியிருந்த அந்தச் சின்னக் காலுறைகளின் மேலேயே இருந்தது.

கல்புபு அம்மாவுக்குக் கோபம் வந்தால், நான் செய்து கொடுத்த பல்செட்டைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார். கழற்றுவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றியது.

"அப்போ பெட்டியில?"

"தெரியாதும்மா."

"அவன் தூங்குற மாதிரி இருந்தான்னு சொன்னியே?"

"தெரியாதும்மா. நான் பாக்கவே இல்ல."

முப்பத்து மூன்று வருடம் கழித்து அவனும் தெரியாது என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாவின் முகத்தை அன்று பார்த்தேன். கசிமாலி சொன்னது சரிதான். அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்ப தெரியும், ஏசென்?"

"ஆறு வருஷமா, அம்மா."

அவர் கெட்டிலை எடுத்தார். பெய்ஷென் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினார். என் கிண்ணத்திலும் விளிம்புவரை ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க இரண்டு பேரும் குடித்துவிட்டு வெளியே வந்தோம். நாக்கு வெந்து, இரண்டு நாள் எனக்குச் சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை.

ஊருக்குத் தெரியவைக்கும் வேலையைப் பெய்ஷெனின் மனைவி அனார்குல் எடுத்துக்கொண்டாள். கிணற்றடியில் நின்று அவள் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டது. "இருபத்தெட்டு வருஷமா எங்கூடப் படுத்து எந்திரிச்சியே, ஒரு வார்த்தை சொன்னியாய்யா? போ, ஏழு வாட்டி குளிச்சிட்டு வா! அந்தக் காலைத் தனியா கழுவு!" மினிபஸ்ஸில் ஏறுகிறவர்களில் சிலர் பன்றிபோல உறுமிவிட்டு ஏறினார்கள். கணவாயில் ரேடியோ மட்டும் பாடியது. இரண்டு வாரத்தில் பயணிகளுக்கே அலுத்துவிட்டது. "அண்ணே, வழி நீளமா இருக்கு, பன்னிக் கதையாவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார்கள். அவன் சொல்லவில்லை. அந்த வருடம் அவனுக்குக் காலுறையும் வரவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கல்புபு அம்மா தினமும் பனியில் கல்லறை மேட்டுக்குப் போய்வந்தார். போய் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

பிப்ரவரி பதினைந்து வந்தது. கல்லின் துணியை எடுத்தார்கள். ஜிர்கல் ஒருவன், பிறகு ஒன்பது பேர். பத்தே பெயர்கள். பெய்ஷென் பக்கத்து ஊர் விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மன்றத்துக்குள் ஆட்டுக்கறி வந்தது. வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ப எலும்புகளைப் பங்கிட்டார்கள். தேநீர் ஊற்றும் பெரிய கெட்டில் கல்புபு அம்மாவின் பக்கத்தில் இருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பன்னிக்காரன் எங்க? கூப்பிடுங்க."

பெய்ஷென் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலருகே நின்றான். கல்புபு அம்மா பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். தொலைந்தான் என்று நினைத்தேன்.

"சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. ரெண்டு வருஷம் எங்க இருந்த?"

"சீத்தாவுல, அம்மா. பன்னி மேச்சேன்."

"எத்தனை?"

"இருநூத்திப் பத்து."

"கடிச்சுதா?"

"ஒருவாட்டி."

கசிமாலிதான் முதலில் சிரித்தது. பிறகு மன்றமே சிரித்தது. கல்புபு அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"முட்டாப் பயலே. உசுரோட திரும்பி வந்தியே, அதைச் சொல்ல உனக்கு என்னடா வெக்கம்? எம்பிள்ள பன்னி மேச்சுட்டு, நாறிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னிருந்தா நான் குதிரை அறுத்து ஊருக்கே சோறு போட்டிருப்பேன். உங்கம்மாவுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கல. அதைப் போயி ஒளிச்சு வச்சியே."

பெய்ஷென் அழுதுவிட்டான். மன்றத்தில் பாதிப் பேர் அழுதோம். அந்த அம்மா நிறுத்தவில்லை.

"பெட்டியில யாருன்னு எனக்கு இனிமே தெரியப் போறதில்ல. இந்தக் குளிர் முழுக்க அங்க நின்னு யோசிச்சேன். எவ பெத்த பிள்ளையோ. அவ எந்த ஊர்ல உக்காந்து அழுவுறாளோ. முப்பத்து மூணு வருஷமா அவனுக்கு ஓதுனது நான்தான். இனிமே வேற யாருன்னு சொல்லி அவனை விட்டுர முடியுமா? அவன் எம்பிள்ளதான். ஆனா அதை நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார இடம் காட்டினார். பெய்ஷென் உட்கார்ந்தான். அவனுக்குத் தேநீர் ஊற்றினார். பாதிக் கிண்ணம்.

எனக்குத் தைரியம் வந்தது. நானும் என் கிண்ணத்தை நீட்டினேன். கெட்டில் சாய்ந்தது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, விளிம்பில் வந்து நின்றது.

"அம்மா, பொய் சொன்னது அவன்" என்றேன்.

"அவன் வந்து சொல்லிட்டான்" என்றார் கல்புபு அம்மா. "நீ எப்ப சொன்ன?"

குடித்துவிட்டுக் கிளம்பினேன். மூன்று வருடமாகிறது. பெய்ஷென் இப்போது கணவாய் ஏறும்போது பன்றிக் கதைதான் சொல்கிறான். இருநூற்றுப் பத்து இப்போது முந்நூறு ஆகியிருக்கிறது, அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கல்புபு அம்மா பல்செட்டைச் சரிசெய்துகொள்ள மட்டும் என்னிடம் வருவார், வாயைத் திறந்து காட்டுவார், போய்விடுவார். அவர் வீட்டில் என் கிண்ணம் இன்னும் நிரம்பித்தான் வருகிறது.